ஓரகத்தி பேரில் ஒரு நம்பர்

அக்டோபர் 6, வெள்ளி

இன்று பள்ளியில் சாப்பிட்டவர்கள் அறுபத்து நான்கு பேர். புரட்டாசி என்று பாதிப் பிள்ளைகள் முட்டை வேண்டாம் என்கிறார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பக்கத்துத் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். சத்துணவு அமைப்பாளராகப் பதினோரு வருடம் ஓட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு என் வீட்டுக்காரர் பேசினார். பஹ்ரைனில் மணல் அள்ளுகிற கப்பலில் பதினெட்டு பேருக்குச் சமைக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் கரைக்கு வருவார்கள், சனி காலையில் மறுபடி கடல். இரண்டு மாதம் முன்னால் வாளியில் கடல் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது சட்டைப் பையில் இருந்த போன் உள்ளே போய்விட்டது. ஊருக்குத் திரும்புகிற நேரத்தில் புதுசு எதற்கு என்று, அன்றிலிருந்து வாரம் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பேசுகிறார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான்.

இன்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். “மொதலாளி இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றான் சுகந்தி. அடுத்த சனிக்கிழமை காலையில ஆபீசுல கையெழுத்துப் போடணும். போட்டுட்டா ரெண்டு வருசத்துக்கு அசைய முடியாது. நீ என்ன சொல்ற?”

“உங்க இஷ்டம்” என்றேன்.

“என் இஷ்டத்த நான் கேக்கல. யோசிச்சு அடுத்த வெள்ளி சொல்லு. நீ ஒண்ணும் சொல்லலன்னா போட்டுடுவேன்.”

எங்கள் வீட்டில் தோட்டத்துச் சுவர் ஓரம், துவைக்கிற கல்லில் உட்கார்ந்தால்தான் டவர் எடுக்கும். காதில் வைத்தால் சரியாகக் கேட்பதில்லை என்று ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி வீடு. அவருடைய அண்ணன் கலியமூர்த்தியின் மனைவி, தனக்கோடி. எங்களுக்குள் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. நான் போனை எடுத்ததும் அங்கே முந்திரிக் கொட்டை உடைக்கிற சத்தம் நின்றுவிடும். வைத்த பிறகுதான் டக் டக்கென்று மறுபடி தொடங்கும். ஒட்டுக் கேட்பதில்கூட என்ன ஒரு ஒழுங்கு!

அக்டோபர் 7, சனி

போன் போய்விட்டது.

பண்ருட்டியில் காய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். புரட்டாசி மூன்றாம் சனி, திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் வருகிற கூட்டம். நிற்க இடமில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி, “பையக் குடுக்கா, மடியில வெச்சிக்கறேன்” என்றாள். யார் கேட்டாலும் கொடுப்பதுதானே, நானும் எத்தனையோ பேர் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கட்டைப் பையைக் கொடுத்தேன். போனும் அதில்தான் இருந்தது. எங்கள் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் அவள் இறங்கும்போது பையைப் பக்கத்தில் இருந்த கிழவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் என்னிடம் கொடுத்தார். கத்தரிக்காய் இருந்தது, கீரை இருந்தது, போன் இல்லை.

அவள்தான் எடுத்தாள் என்று சத்தியம் செய்ய முடியாது. முகமும் நினைவில்லை. பெரிய அரக்குப் பொட்டு மட்டும் நினைவிருக்கிறது.

கண்டக்டர் நல்ல மனிதர், தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். இரண்டு ரிங் போனது. மூன்றாவதில் யாரோ துண்டித்தார்கள். மறுபடி அடித்தால் சுவிட்ச் ஆஃப். “சிம்ம கழட்டிட்டாங்கம்மா” என்றார், எழவு வீட்டில் சொல்கிற மாதிரி.

வீடு வந்ததும் கீரையை அப்படியே போட்டுவிட்டு அழுதேன். பழைய போன்தான், ஓரமெல்லாம் உடைந்தது. அதற்காக யாராவது அழுவார்களா?

அக்டோபர் 8, ஞாயிறு

தமிழினி சொன்னாள்: “மொதல்ல சிம்ம பிளாக் பண்ணணும்மா. அப்புறம் போலீஸ்ல ஒரு ரசீது. அத வெச்சு அதே நம்பர்ல வேற சிம் வாங்கிடலாம். இதுக்குப் போயி ராத்திரி சாப்பிடாம படுத்தியே.” காலேஜ் முதல் வருடம் படிக்கிற பெண். நான் பெற்றவள் எனக்குத் தாயாகிவிட்டாள்.

அவள் போனிலிருந்தே கம்பெனிக்குப் பேசினோம். ஒன்றை அழுத்து, ஏழை அழுத்து என்று அழுத்தி அழுத்திக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். பேர் கேட்டாள். சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள். சொன்னேன். கணினியில் தட்டுகிற சத்தம் கேட்டது.

“மேடம், இந்த நம்பர் உங்க பேர்ல இல்லையே.”

“பதினோரு வருசமா நான்தான் வெச்சிருக்கேன். நான்தான் ரீசார்ஜ் பண்றேன்.”

“இருக்கலாம் மேடம். ஆனா பேர் வேற. அவங்க பேசினா உடனே நிறுத்திடலாம். புது சிம்முக்கும் அவங்கதான் ஆதார் எடுத்துட்டு நேர்ல வந்து கைரேகை வைக்கணும்.”

அப்போதுதான் தலையில் மணி அடித்தது. கடைத்தெருவில் குடை விரித்துக்கொண்டு, பேரும் முகவரியும் தந்தால் சிம் இலவசம் என்று கூவி விற்ற காலம் அது. என் அடையாள அட்டை அப்போது பிறந்த வீட்டு முகவரியிலேயே இருந்தது. கூட வந்திருந்தவள் தன்னுடையதை நீட்டினாள். “யாரு பேர்ல இருந்தா என்னடி, பேசப்போறவ நீதானே” என்றாள்.

கூட வந்தவள் தனக்கோடி.

இரண்டு மணி நேரம் மாற்று வழி தேடினோம். கப்பலில் இருக்கிறவர்களின் நம்பர்கள் அந்தப் போனில். அனுப்பி வைத்த ஏஜெண்டின் நம்பரும் அந்தப் போனில். ஏஜெண்ட் இருந்த அறையைக் காலி செய்து வருடமாகிறது. “உன் நம்பர் அப்பாவுக்குத் தெரியுமாடி?” என்று தமிழினியைக் கேட்டேன். “அப்பாவுக்கு என் பொறந்த நாளே தெரியாதும்மா” என்றாள்.

ஆக, வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு அவர் அடிப்பார். சுவிட்ச் ஆஃப் என்று வரும். பதில் சொல்லப் பிடிக்காமல் அணைத்து வைத்திருக்கிறேன் என்று நினைப்பார். மறுநாள் கையெழுத்துப் போடுவார்.

போட்டால் போடட்டுமே. உங்கள் இஷ்டம் என்று சொன்னவள்தானே நான்.

அக்டோபர் 9, திங்கள்

காலையில் எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று ஆபீசுக்கு மெசேஜ் போக வேண்டும். தலைமையாசிரியை போனிலிருந்து அனுப்பினேன். பாங்கில் போய் நம்பர் தொலைந்ததைச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொன்னேன். பிறகு போலீஸ் ஸ்டேஷன். வாழ்க்கையில் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

உள்ளே ஓர் ஏட்டம்மா. என் வயதுதான் இருக்கும். “போன் வாங்கின டப்பா இருக்கா? அதுல பதினஞ்சு நம்பர் இருக்கும், அத சொன்னாத்தான் போன முடக்க முடியும்” என்றார். டப்பாவைக் கொண்டு போயிருந்தேன். ஊக்கு, பித்தான், தைக்கிற ஊசி எல்லாம் அதில்தான் கிடக்கும். அவர் மேஜையில் கவிழ்த்ததும் ஊசியெல்லாம் கொட்டியது. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

புகாரை எழுதிக்கொண்டார். கணினியில் அந்தப் பதினைந்து இலக்கத்தையும் பதிந்தார். இனி யார் எந்த சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாதாம். ரசீதும் கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில்தான், “சிம் யார் பேர்ல?” என்றார்.

சொன்னேன்.

“அவங்க எங்க இருக்காங்க? வெளியூரா?”

“பக்கத்து வீடு.”

“பக்கத்து வீடா! அப்புறம் என்ன? கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே.”

நான் ரசீதை மடித்தேன். நான்காக மடித்தேன். எட்டாக மடித்தேன். ஏட்டம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “போன் திருடினவள நான் பாத்துக்கறேன். இத நீதாம்மா பாக்கணும்” என்றார்.

வருகிற வழியில் ஒரு சிம் கடையில் விசாரித்தேன். “புது நம்பர் எடுத்துக்குங்கக்கா, பத்து நிமிசம்” என்றான். புது நம்பர் எனக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும். கடலில் இருப்பவருக்கு யார் சொல்வது?

அக்டோபர் 10, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை ஒருவர் வீட்டுக்குப் போவது நல்லதில்லை. போகவில்லை.

அக்டோபர் 11, புதன்

இன்று தமிழினியைத் தூது அனுப்பினேன். அவளுக்கு அந்த வீட்டில் தடையில்லை. பெரியம்மா கையால் முந்திரிப் பருப்புத் தின்று வளர்ந்தவள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“வேணுங்கறவ வரட்டும்னு சொன்னாங்க.”

“பாத்தியா திமிர!” என்று ஆரம்பித்தேன். ஆறு வருடக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். தமிழினி பெரியவளானபோது மஞ்சள் நீராட்டு வைத்தோம். மண்டபம், பந்தி, தலைக்கு மேல் வேலை. தனக்கோடிக்குப் போன் போட்டு, “அக்கா, ஞாயித்துக்கிழமை வந்துடுங்க” என்றேன். வரவில்லை. போனில் அழைத்தேன், வெற்றிலைப் பாக்கு வைத்து நேரில் அழைக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா என்கிற முறையில் வைக்க வேண்டிய முதல் தட்டு இல்லாமலே என் பெண்ணுக்குச் சடங்கு நடந்தது. ஒரே குடும்பம், ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்கு எதற்கு வெற்றிலைப் பாக்கு? உரிமையோடு கூப்பிட்டது ஒரு குற்றமா?

தமிழினி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “மத்தவங்களுக்கும் போன்லதான் சொன்னியாம்மா?” என்றாள்.

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களுக்குப் போனில் சொல்லவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு இருபத்து மூன்று வீடு ஏறி இறங்கினேன். தலைமையாசிரியை வீட்டுக்குக் கடலூர் வரை போனேன். பஸ்சில் திரும்பி வரும்போதுதான் தனக்கோடி நினைவே வந்தது. அப்போதே வீட்டில் இறங்கியதும் போயிருக்கலாம். காலை நீட்டினால் போதும் என்றிருந்தது. அதனால் பஸ்சிலிருந்தே போன் போட்டேன். உரிமை எடுத்துக்கொண்டேன் என்று ஆறு வருடமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். மறந்துபோனேன் என்பதுதான் உண்மை. எனக்குத் தலைப்பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் தரையில் படுத்திருந்தவளை மறந்துபோனேன்.

அவருக்கு அது தெரியும். ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. விமானம் ஏறப் போகிற அன்று மட்டும், “அண்ணிகிட்ட ஒரு தடவ போயிட்டு வா சுகந்தி” என்றார். சரி என்றேன். இரண்டு வருடம் ஆகிறது.

அவர் வர வேண்டும். எனக்கு அவர் வர வேண்டும். இரண்டு பேருக்குச் சோறு வடித்து, பெண் காலேஜ் விட்டு வரும் வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது போதும். இதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு போன் வேண்டும். போனுக்கு ஒரு சிம் வேண்டும். சிம்முக்கு ஒரு விரல் வேண்டும். அது தனக்கோடியின் விரல்.

அக்டோபர் 12, வியாழன்

பள்ளியில் ஆயாவிடம் பருப்பை அளந்து கொடுத்துவிட்டு அரை நாள் விடுப்பு எடுத்தேன். எவர்சில்வர் தட்டை விளக்கி, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், ஒரு முழம் கதம்பம் வைத்தேன். குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டேன். பட்டுப்புடவை கட்டினேன். தெருவில் பார்த்தவர்கள் எந்த வீட்டுக் கல்யாணம் என்று யோசித்திருப்பார்கள். என் வீட்டு வாசலில் இறங்கிப் பதினோரு அடி நடந்து அவள் வீட்டு வாசலில் ஏறினேன்.

தனக்கோடி பின்கட்டில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த கட்டை அந்தரத்தில் நின்றது. கலியமூர்த்தி மாமா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

“அக்கா, நீங்க வரணும்” என்று தட்டை நீட்டினேன்.

“எந்த விசேஷத்துக்கு?”

“தமிழினி மஞ்சத்தண்ணிக்கு.”

“அது முடிஞ்சு ஆறு வருசம் ஆவுதே.”

“ஆமாம்க்கா. நான்தான் கொஞ்சம் லேட்டு.”

அவள் சிரிக்கவில்லை. நான் அப்படியே நின்றேன். “இருவத்தி மூணு வீட்டுக்கு நேர்ல போனேங்க்கா. உங்கள மறந்துட்டேன். உரிமை, கிரிமைன்னு சொன்னதெல்லாம் பொய். என் மேலதான் தப்பு.” சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தட்டு கையில இருக்கறப்போ அழாத. அபசகுனம்” என்றாள். எழுந்தாள். சாம்பலும் தண்ணீரும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். குங்குமத்தை எடுத்து முதலில் எனக்கு வைத்தாள். கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள், ஆறு வருடத்துப் பாக்கியையும் சேர்த்து.

“என் பேர்ல இருக்கற நம்பர்லேருந்து எனக்கே போன் போட்டு வந்துடுன்னு சொன்னவதானடி நீ! சொல்லிட்டு நான் பதில் பேசறதுக்குள்ள வெச்சிட்ட. நான் அன்னிக்கு மாலைக்குச் சொல்லி, தட்டுக்குப் பொடவையெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன், தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“போன வெள்ளி, ‘உங்க இஷ்டம்’னு தம்பிகிட்ட சொன்னியே, அப்பவே செவுத்த எகிறிக் குதிச்சு ஒன் வாயில ஒண்ணு போடலாம்னு வந்துச்சு. மனுசன் ஏங்கிப் போய் கேக்கறான், இவ இஷ்டமாம் இஷ்டம்!”

“ஒட்டுக் கேட்டீங்களா?” என்றேன், வேறு பேச்சு வராமல்.

“நீ ஸ்பீக்கர போட்டுட்டு என் செவுத்துக்கிட்ட வந்து ஒக்காந்தா காதப் பொத்திக்கவா சொல்ற? ஒன் வூட்டு டவரு என் வூட்டு செவுத்துல மட்டும் எடுக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதாடி? ஒங்க மாமா வெள்ளிக்கெழமைன்னா நாலு மணிக்கு மேல வயல்ல நிக்கவே மாட்டாரு, தம்பி கொரல கேக்கணும்னு.”

மாமா சைக்கிள் சக்கரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். டவர் விஷயத்தைப் பற்றி இந்த நோட்டிலும் இனி எழுதப் போவதில்லை.

மதியம் பண்ருட்டியில் சிம் கம்பெனி ஷோரூமுக்குப் போனோம், நான் பட்டுப்புடவையோடு. கண்ணாடிக் கதவு, ஏசி. தனக்கோடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டாள். நானும் கழற்றினேன். கவுண்டரில் இருந்த பெண் ரசீதைப் பார்த்தாள், ஆதாரைப் பார்த்தாள். “கட்டை விரல இதுல வைங்கம்மா” என்றாள்.

வைத்தாள். மெஷினில் சிவப்பு விளக்கு. மறு கை. சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு.

“கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்கம்மா.”

“தொடச்சாப் போற கறையா இது, பாப்பா?”

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். முந்திரிக் கொட்டையில் ஓர் எண்ணெய் இருக்கிறது, தோலைத் தின்றுவிடும். விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை என்பதே இல்லாமல் வழவழவென்று கூழாங்கல் மாதிரி இருந்தது. ஆறு வருடம் முன்னால் இத்தனை மோசமில்லை. தினமும் டக் டக் சத்தம் கேட்டேன், ஒட்டுக் கேட்கிறாள் என்று நோட்டில் எழுதினேன். கையை யோசிக்கவில்லை.

“இன்னும் ஒரு தடவதான்மா மெஷின் எடுக்கும்” என்றாள் அந்தப் பெண். “இதுவும் விழலன்னா நாளைக்கு சாயங்காலத்துக்கு மேலதான் திரும்பப் பண்ண முடியும். அப்புறம் சிம் வேலை செய்ய ஒரு நாள் ஆகும்.”

நாளைக்குச் சாயங்காலம் என்றால் எல்லாம் முடிந்தது. தனக்கோடி பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு, சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு இடது சுண்டு விரலை நீட்டினாள்.

“கொட்ட ஒடைக்கறப்போ இது மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கும். சீமாட்டியாட்டம் வெரல தூக்கறா பாருன்னு நம்ம மாமியா திட்டும், ஞாபகம் இருக்கா?”

வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

நான் கவுண்டர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்துபோனாள். “இந்த நம்பர இவங்க பேருக்கு மாத்தணும்னா இன்னொரு ஃபாரம் இருக்கும்மா” என்றாள்.

“எதுக்கு? அது என் பேர்லயே இருக்கட்டும்” என்றாள் தனக்கோடி. “அப்பதான் இவ என்னைத் தேடி வருவா.”

அக்டோபர் 13, வெள்ளி

சிம்மைத் தனக்கோடி அக்காவின் பட்டன் போனில் போட்டு வைத்திருந்தோம். நேற்று இரவு வரை டவர் வரவில்லை. காலையிலும் வரவில்லை. இருபத்து நாலு மணி நேரம் வரை ஆகலாம் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஆயா கண்டுபிடித்து உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டுச் சமாளித்தாள்.

பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு சத்தம். “வந்துடுச்சுடி! வந்துடுச்சு!” தனக்கோடி அக்கா, போனைச் சாமி விக்கிரகம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெயிலில் ஓடி வந்தாள். அறுபது பிள்ளைகளும் சாப்பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். திரையில் மூன்று கோடு. நான் தமிழினிக்கு அடித்தேன், பேசினாள். அவளை அடிக்கச் சொன்னேன், மணி அடித்தது. எங்கள் பள்ளியில் அத்தனை அழகான மணி அடித்ததே இல்லை.

நான்கு மணிக்கு அக்கா வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தோம். நடுவில் முக்காலி, அதன் மேல் போன். மாமா வயலிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். நாலே முக்கால் ஆனது. ஐந்து ஆனது. ஐந்தேகாலுக்கு, “கப்பல் வரலையோ என்னவோ” என்றார் மாமா. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஐந்தரைக்கு அடித்தது. அக்காதான் பொத்தானை அமுக்கி, ஸ்பீக்கர் போட்டு என் கையில் திணித்தாள்.

“சுகந்தி? இன்னிக்கு கரை ஏற நேரமாயிடுச்சு. எப்படி இருக்க? பாப்பா எப்படி...”

“வந்துடுங்க” என்றேன்.

“என்ன?”

“கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க. என் இஷ்டம் அதுதான்.”

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “இன்னொரு தடவ சொல்லு. காத்து அடிக்குது, சரியாக் கேக்கல” என்றார்.

“வந்துடுங்கன்னு சொன்னேன்!”

“கேக்கல சுகந்தி.”

அக்கா போனைப் பிடுங்கினாள். “எல்லாம் கேட்டிருக்கும் தம்பி ஒங்களுக்கு. இந்த நடிப்பெல்லாம் இங்க வேணாம். அவ தொண்டை கட்டிப் போச்சு.”

“அண்ணியா?” என்றார். பிறகு, “அண்ணி, நீங்களா?” என்றார். அதற்கப்புறம் அழத் தொடங்கிவிட்டார். இரவல் கொடுத்தவர் பக்கத்தில் நின்று என்னாச்சு என்னாச்சு என்று ஏதோ பாஷையில் கேட்பது எங்களுக்குக் கேட்டது.

கொஞ்சம் தெளிந்ததும், “ரெண்டு வருசமா ஒவ்வொரு வெள்ளியும் கூப்புடறேன்” என்றார். “அரிசி தீந்து போச்சுன்ன, மழ பேஞ்சுதுன்ன, பாப்பாவுக்குக் காச்சல்னு சொன்ன. ஒரு நாளாவது வாங்கன்னு சொல்லுவன்னு பாத்தேன்.”

மாமா கையை நீட்டினார். அக்கா போனைக் கொடுத்தாள். அவர் அதைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டார். “மெட்ராஸ் ஏர்போர்ட்டா, திருச்சியாடா?” என்றார். “எங்கன்னாலும் நான் வந்துடுவேன். நீ பாட்டுக்குத் தனியா பஸ் ஏறிடாத.”

அதற்குள் இரவல் நேரம் முடிந்துவிட்டது.

அக்டோபர் 14, சனி

போன் கிடைக்கவில்லை. கிடைத்தால் சொல்வதாக ஏட்டம்மா சொன்னார். சிம் வாங்கிவிட்டேன் என்றதும், “பக்கத்து வீடு என்ன சொல்லுது?” என்று கேட்டார். சொன்னேன். “கேஸ் முடிஞ்சுது” என்று சிரித்தார்.

காலை முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் கையெழுத்துப் போட வேண்டிய நாள் இன்றுதான். முதலாளி ஏதாவது சொல்லி மனதைக் கரைத்தால்? இருந்தே விடலாம் என்று தோன்றிவிட்டால்? அக்கா கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டு, “இனிமே என்னடி யோசன, வந்து ஒக்காரு” என்றாள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்தால் தோல் போகாது என்று பள்ளிக்கூட ஆயா சொன்னதைச் சொல்லி, நானே தடவிவிட்டேன். சுண்டு விரலுக்கும் தடவினேன்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். சனிக்கிழமை அவர் பேசியதே இல்லை.

“கப்பல் கெளம்புது சுகந்தி. ஒரு நிமிசம்தான். கையெழுத்துப் போடல. அடுத்த மாசம் இருவதாம் தேதி அனுப்பறேன்னு சொல்லிட்டான்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். பதினெட்டு பேருக்கு இன்று என்ன குழம்பு என்றுகூட நான் கேட்கவில்லை. வந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.